சொல் விளக்கம்: ஹைஃபை

நம்மூர்ப் பேச்சில் ஹைஃபை என்றால் பகட்டு. ‘அது ஹைஃபை ஹோட்டல், நமக்குக் கட்டுப்படியாகாது’ என்போம். ஸ்பீக்கர் விற்பவர்களும் பெரும்பாலும் இந்தப் பொருளைத்தான் விற்கிறார்கள்: நெஞ்சை அதிரவைக்கும் பேஸ், மினுக்கும் விளக்கு, அதற்கேற்ற விலை. சொல் பிறந்தபோது அதன் பொருள் ஏறக்குறைய நேரெதிர்.

ஹை ஃபிடெலிட்டி என்பதன் சுருக்கம் ஹைஃபை. ஃபிடெலிட்டிக்கு வேர், நம்பிக்கை, விசுவாசம் என்று பொருள்படும் ‘ஃபிடெஸ்’ என்ற லத்தீன் சொல். 1927இல் இந்தத் தொடரைத் தாமே உருவாக்கியதாக ஹார்ட்லி என்ற ஆங்கிலேயப் பொறியாளர் எழுதியிருக்கிறார். எல்பி இசைத்தட்டுகள் வீடுகளுக்கு வந்த 1950களில் சுருக்கப்பெயர் பரவியது. (1999இல் வைஃபைக்குப் பெயர் வைத்தவர்கள் இதன் ஓசையைத்தான் கடன் வாங்கினார்கள்.)

ஆக, பதிவில் உள்ளதைக் கூட்டாமல் குறைக்காமல் ஒலிப்பதே ஹைஃபை. தமிழில் என்ன சொல்லலாம்? ‘மெய்யொலி’ அழகாக இருக்கிறது. ஆனால் க், ங், ச் எல்லாம் ஏற்கெனவே அந்தப் பெயரில் குடியிருக்கின்றன. ‘உயர்தர ஒலி’ வேண்டாம், அது மறுபடி பகட்டுக்கே போகும். கட்டுரை நடைக்கு ‘உயர்மெய்ம்மை ஒலி’, பேசும்போது ‘மூலம் மாறாத ஒலி’ என்பது என் தேர்வு. அச்சகத்தார் மூலப்படியோடு ஒப்பிட்டுத் திருத்தும் தாளை ‘மெய்ப்பு’ என்கிறார்கள். ஃபிடெலிட்டிக்கு ‘மெய்ம்மை’ பொருந்துவதும் அதனால்தான்.

சரி, வீட்டில் ஆப்பில் பாட்டுக் கேட்கும்போது மூலம் எங்கே மாறுகிறது? சிடியில் ஒலி எண்களாக இருக்கிறது: நொடிக்கு 44,100 மாதிரிகள் (ஒலியலையின் அளவீடுகள்), ஒவ்வொன்றும் 16 பிட், இடம் வலம் என இரண்டு தடங்கள். பெருக்கினால் நொடிக்கு சுமார் 14 லட்சம் பிட். எம்பி3 போன்ற முறைகள், காதுக்குத் தெரியாது என்று கணித்த பகுதிகளைக் கழித்துவிடுகின்றன. ஃபிளாக், அலாக் போன்ற இழப்பில்லா முறைகள் ஜிப் கோப்பைப் போல மடித்து அனுப்பி, அப்படியே விரித்துக் கொடுக்கின்றன. ஆப்பிள் மியூசிக்கில் 2021இல் வந்த ‘லாஸ்லெஸ்’ இந்த வகைதான். ஆனால் செட்டிங்ஸில் போய் நாமே அதை ஆன் செய்ய வேண்டும்.

பலரும் கோட்டை விடுவது அதற்குப் பிறகுதான். இழப்பில்லாமல் போனுக்கு வந்த பாட்டை ப்ளூடூத்தில் ஸ்பீக்கருக்கு அனுப்பினால், வழக்கமான ப்ளூடூத் முறைகள் அதை மறுபடி சுருக்கிக் கழித்துவிடும். சந்தா கட்டியதன் பலன் அங்கேயே பாதி போகும். வைஃபையிலோ லேன் கேபிளிலோ நேரடியாகப் பாட்டை இழுக்கும் ஸ்ட்ரீமர் பெட்டி, எண்களை மின் அலையாக மாற்றும் டேக், ஆம்ப்ளிஃபையர், ஸ்பீக்கர் என்பது நல்ல வரிசை. செலவைக் குறைக்க வேண்டுமா? போனில் ஒரு சிறு யூஎஸ்பி டேக்கைச் செருகி, ஒயர் வழியாக ஆம்ப்ளிஃபையருக்குக் கொடுத்தாலே போதும். அப்புறம், பேஸ், ட்ரெபிளைக் கூட்டிக் குறைக்கும் ஈக்குவலைசரையும் ‘பேஸ் பூஸ்ட்’டையும் அணைத்துவிடுங்கள்.

மெய்ம்மை என்பது பதிவுக்கு மட்டுமே. பழைய நாடாப் பதிவில் ‘ஸ்ஸ்’ என்ற இரைச்சல் இருந்தால் நல்ல ஹைஃபை அதையும் அப்படியே கேட்கவைக்கும். அதே நாடாவிலிருந்து எடுத்த கோப்புக்கு ‘24 பிட்’ என்று பட்டை ஒட்டினாலும் நாடாவில் இல்லாத எதுவும் வந்து சேராது.