திட்டி எழுதினால் மனு ஆகாது, மக்கா

"கூகுளை எதிர்த்து மனு எழுதியிருக்கேன், பார்த்துச் சொல்லுங்கண்ணா" என்று மறுபடி ஒரு தம்பி வந்தான். தோவாளைச் சந்தையில் பிச்சியும் மல்லியும் இன்றைக்கு என்ன விலை என்று காட்டும் சின்ன ஆப் செய்து, பிளே ஸ்டோர் இல்லாமலே போனில் நேரடியாக நிறுவுகிற ஏபிகே கோப்பாக வாட்ஸ்அப்பில் வியாபாரிகளுக்குக் கொடுத்து வருகிறவன். மனு இரண்டு பக்கம். பத்திக்குப் பத்தி கார்ப்பரேட் சர்வாதிகாரம், தோவாளை என்ற பேச்சே இல்லை.

நாகர்கோவிலில் ஆப் செய்து பிழைக்கிற எனக்கும் கோபம் உண்டு. அடையாளம் சரிபார்க்கப்பட்ட டெவலப்பர் பதிவு செய்யாத ஆப்பை ஆண்ட்ராய்டு போனில் நிறுவுவதற்கான கட்டுப்பாடு 2026 செப்டம்பரில் பிரேசில், இந்தோனேசியா, சிங்கப்பூர், தாய்லாந்தில் தொடங்கி 2027 முதல் மற்ற நாடுகளுக்கும் வரும் என்பது கூகுளின் அறிவிப்பு. எழுத வேண்டியதுதான். ஆனால் வருகிற அத்தனை பேரும் "பிளே ஸ்டோருக்கு வெளியிலிருந்து நிறுவுறதைத் தடுக்கக்கூடாதுன்னு ஆணையமே சொல்லியாச்சே" என்கிறார்கள். போதும் சாமி! இந்தியப் போட்டி ஆணையம் 2022 அக்டோபரில் 1,337.76 கோடி ரூபாய் அபராதம் போட்டது, அந்த உத்தரவில் அப்படி ஒரு கட்டளையும் இருந்தது, எல்லாம் சரி. 2023 மார்ச்சில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அபராதத்தை உறுதிசெய்தது, இந்தக் கட்டளையை ரத்து செய்துவிட்டது. ரத்தானதை அமலில் இருப்பதாக முதல் பத்தியிலேயே எழுதினால் படிக்கிற அதிகாரி இரண்டாம் பத்திக்கு ஏன் போகப்போகிறார்? யூடியூபில் சொன்னாங்க என்பதெல்லாம் ஆதாரமா?

டிராய்க்கு அனுப்பாதீர்கள், அது தொலைத்தொடர்புக்கு. போட்டி ஆணையத்துக்கு எழுதுங்கள். உங்கள் ஆப் என்ன, யார் கையில் இருக்கிறது, புது விதி வந்தால் எந்த இடத்தில் நின்றுபோகும் என்பதைச் சொல்லுங்கள். கல்யாணப் பத்திரிகை, போக்குவரத்து அபராதம் என்ற பெயரில் வருகிற ஏபிகேயைத் தொட்டுப் பணத்தைப் பறிகொடுத்தவர்கள் இருக்கிறார்கள், அதை மறைக்காமல் ஒத்துக்கொள்ளுங்கள், அப்போதுதான் மற்றதை நம்புவார்கள்.

அப்புறம் மாற்று சொல்லுங்கள். மாணவர்களுக்குக் கூகுளில் கட்டணமில்லாத டெவலப்பர் கணக்கு உண்டு, ஆனால் எத்தனை போனில் நிறுவலாம் என்பதற்கு வரம்பு வைக்கிறார்கள். ஒரு சந்தைக்கு அது போதுமா என்று கேளுங்கள். விவரம் தெரிந்தவர்கள் எச்சரிக்கையைப் பார்த்துவிட்டு நிறுவிக்கொள்ளத் தனி வழி தருவதாக 2025 நவம்பரில் கூகுள் சொன்னது. பூ கட்டுகிற அக்காவால் அந்த வழியில் போக முடியுமா, எச்சரிக்கை தமிழில் வருமா என்று கேளுங்கள்.

ஃபார்வர்டில் வந்த மனுவைப் பெயர் மட்டும் மாற்றி அனுப்பாதீர்கள், தயவுசெய்து. தமிழில் எழுதினால் ஆங்கிலப் பிரதி ஒன்றையும் சேர்த்துவிடுங்கள், படிக்கிறவர் தில்லியில் இருக்கிறார்.