அந்த லிஃப்ட் செய்தியான நாள்

"சார், போன வாரமே அனுப்பிட்டேன், இன்னும் வரலையே?"

கோலாலம்பூரில் ஒரு தமிழ் நாளிதழின் செய்திப் பிரிவில் இருபது ஆண்டுகளுக்கு மேல் உட்கார்ந்தவன் நான். இந்தக் கேள்வி வராத நாள் குறைவு. "பார்க்கிறேண்ணே" என்று சொல்லித் தப்பித்த நாள்தான் அதிகம். இப்போது ஓய்வு பெற்றுவிட்டேன். ஒழுங்காகவே பதில் சொல்லலாம்.

ஒருமுறை ஒரு சங்கத்திலிருந்து தடித்த உறை வந்தது. உள்ளே படம்: மேடையில் பதினான்கு பேர், நடுவில் டத்தோ, எல்லாருமாகச் சேர்ந்து பிடித்திருக்கும் ராட்சத அட்டைக் காசோலை. கூடவே இரண்டு பக்க அறிக்கை. முதல் பக்கம் முழுக்க யார் வந்தார்கள், யார் விளக்கேற்றினார்கள், யார் யாருக்கு மாலை போட்டார்கள். இரண்டாம் பக்கத்தின் கடைசி வரியில், "தோட்டப் பள்ளிக்குப் பஸ் வருவது நின்றுவிட்டதால் மாணவர்களின் வேன் செலவுக்கு இந்நிதி பயன்படும்" என்று போகிற போக்கில் எழுதியிருந்தார்கள். பஸ் நின்றுவிட்டதா? எப்போதிருந்து? போன் போட்டுக் கேட்டேன். மூன்று மாதமாம். பெற்றோர் மோட்டார் சைக்கிளில் இரண்டு பிள்ளை, மூன்று பிள்ளை என்று ஏற்றிப் போய்க்கொண்டிருந்தார்களாம். மறுநாள் பஸ்தான் தலைப்பு. டத்தோ ஐந்தாவது பத்திக்குப் போனார். சங்கச் செயலாளர் ஒரு மாதம் என்னோடு பேசவில்லை.

செய்தி மேசையில் நாங்கள் கேட்பது பெரும்பாலும் ஒன்றைத்தான்: நேற்று இல்லாத எது இன்று இருக்கிறது, அது யாரைத் தொடுகிறது? காசோலை கொடுப்பது வாராவாரம் நடக்கும். பஸ் நிற்பது அப்படியல்ல.

ஆனால் இந்தக் கேள்விக்கு ஒரு பெரிய ஓட்டை உண்டு. அதில் நானே விழுந்திருக்கிறேன்.

நகரில் ஒரு மலிவு விலை அடுக்குமாடி. இரண்டு லிஃப்டும் பழுது. பதினொன்றாம் மாடியிலிருந்து ஒரு அம்மா போன் செய்வார். முதல் தடவை நாலு வரி போட்டோம். அடுத்த மாதம் மறுபடி கூப்பிட்டார். "அதான் போட்டுட்டோமேம்மா, புதுசா ஏதாவது இருந்தா சொல்லுங்க" என்றேன். "புதுசா என்ன தம்பி இருக்கு, அதே லிஃப்ட்தான்" என்றார். மூன்றாவது தடவை போனை நான் எடுக்கவில்லை. சில வாரம் கழித்து அதே கட்டடத்தில் ஒரு முதியவர் இறந்துபோக, சவப்பெட்டியை ஆறு பேர் படிக்கட்டில் இறக்கினார்கள். திருப்பத்தில் பெட்டி செங்குத்தாக நின்ற கணத்தை யாரோ கைப்பேசியில் எடுத்துவிட்டார்கள். முதல் பக்கம், நாலு பத்தி அகலம். பழுது அதே பழுதுதான். ஒரு மரணமும் ஒரு படமும் வந்து சேர்ந்தன, அவ்வளவுதான்.

1965-இல் நார்வேயைச் சேர்ந்த யோஹான் கால்துங், மாரி ரூகே என்ற இரண்டு ஆய்வாளர்கள், கொங்கோ, கியூபா, சைப்ரஸ் நெருக்கடிகள் தங்கள் நாட்டுப் பத்திரிகைகளில் எப்படி வந்தன என்று ஆராய்ந்தார்கள். எதிர்பாராதது, கெட்டது, பெரிய மனிதர் சம்பந்தப்பட்டது என்று செய்தியாகும் குணங்களைப் பட்டியல் போட்ட அந்தக் கட்டுரையில் எனக்குப் பிடித்த உதாரணம் அணைக்கட்டு. அணை கட்டப்படுவது செய்தியாவதில்லை. திறப்பு விழா செய்தியாகிறது. நாளிதழுக்கு ஒரு நாள்தான் ஆயுள். ஒரே நாளில் நடந்து முடிவது அதற்குள் அடங்கும், மெல்ல நடப்பது நழுவிவிடும். கிரெடிட் கார்டுக் கடன், நீரிழிவு, பள்ளியை விட்டு நிற்கும் பையன்கள் என்று நம்மவர்களை வாட்டும் பலவும் இப்படி மெல்ல நடப்பவைதான்.

அப்புறம், தூரம். 2024 ஆகஸ்டு 23-ஆம் தேதி மஸ்ஜித் இந்தியா சாலையில் நடைபாதை உள்வாங்கி, இந்தியாவிலிருந்து வந்த ஒரு பெண் சுற்றுப்பயணி குழிக்குள் மறைந்துபோனார். ஒன்பது நாள் தேடியும் கிடைக்கவில்லை. அந்தச் செய்தியை எந்த ஆசிரியரும் எடைபோட்டிருக்கத் தேவையில்லை. தீபாவளிக்குத் துணி எடுக்க நாம் எல்லாரும் நடந்த நடைபாதை அது. இதே விபத்து நமக்குப் பெயர் தெரியாத ஏதோ ஓர் ஊரில் நடந்திருந்தால் உலகச் செய்திப் பக்கத்தில் ஐந்து வரியோடு போயிருக்கும். கல்மனசு என்று தோன்றலாம். வாசிப்பவரும் அப்படித்தான் வாசிக்கிறார்.

இடம் என்ற விஷயத்தை வெளியில் இருப்பவர்கள் நினைத்துப் பார்ப்பதே இல்லை. பக்கத்தில் முதலில் உட்காருவது விளம்பரம்; எங்களுக்குக் கண்ணீர் அஞ்சலியும் நினைவாஞ்சலியும்தான் சோறு போட்டன. மிச்சமிருக்கும் இடத்தில்தான் செய்தி. பினாங்குக்கும் ஜொகூருக்கும் லாரி கிளம்பியாக வேண்டும் என்பதால் இரவு ஒன்பதரை மணிக்கு வரும் நல்ல செய்தியைவிட மாலை நாலு மணிக்கு வரும் சுமாரான செய்தி ஜெயித்துவிடும். 1950-இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், சிறு நகரப் பத்திரிகையாசிரியர் ஒருவர், செய்தி நிறுவனங்கள் அனுப்பியதில் பத்தில் ஒன்பது பங்கை ஒதுக்கியது தெரியவந்தது. ஒவ்வொன்றிலும் அவர் எழுதிவைத்த காரணங்களில் அடிக்கடி வந்தது "இடமில்லை". படித்தபோது சிரித்துவிட்டேன். என் குப்பைத்தொட்டியும் அதேதான்.

இங்கே இன்னொரு வடிகட்டியும் உண்டு. 1984-ஆம் ஆண்டின் அச்சகங்கள் வெளியீடுகள் சட்டப்படி பத்திரிகைக்கு உள்துறை அமைச்சின் உரிமம் வேண்டும். ஆண்டுதோறும் புதுப்பிக்கும் விதியை 2012-இல் நீக்கிவிட்டார்கள். ஆனால் உரிமம் வேண்டும் என்பது அப்படியே இருக்கிறது. இனம், மதம், அரச குடும்பம் (ஆங்கிலத்தில் மூன்றும் 'ஆர்' எழுத்தில் தொடங்குவதால் நாங்கள் 3ஆர் என்போம்) மூன்றில் எதைத் தொட்டாலும் அந்தத் தாள் மேலிடம் வரை போய் வரும். கோயில் நிலத் தகராறு போன்ற செய்தி ஏன் மொட்டையாக வருகிறது என்று கேட்பவர்களுக்கு இதுவும் பதிலில் பாதி. மீதிப் பாதி சில நேரம் எங்கள் பயம், சில நேரம் எங்கள் சோம்பல்.

1924-இல் தொடங்கிய தமிழ் நேசன் நாளிதழ் 2019-இல் நின்றுபோனது. அதற்கு முன் ஒரு பத்திரிகை ஒதுக்கியதை மற்றது போடும் வாய்ப்பு இன்னும் கொஞ்சம் இருந்தது. கதவு குறையக் குறைய, தட்டுகிறவர் தட்டும் விதம் முக்கியமாகிறது. யார் வந்தார்கள் என்பதைக் கடைசியில் எழுதுங்கள். என்ன மாறியது என்பதை முதல் வரியில், தேதியோடு எழுதுங்கள். "நீண்ட நாளாக" என்பதைவிட "மார்ச் 3-ஆம் தேதியிலிருந்து" என்றால் நிருபர் நிமிர்ந்து உட்காருவார். புகார் என்றால், மாநகர் மன்றத்துக்கு எழுதிய கடிதத்தின் நகலும், பெயர் சொல்லிப் பேச ஒருவரும் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அனுப்புங்கள், அரசு அலுவலகங்கள் மூடியிருக்கும், திங்கள் பத்திரிகைக்குச் செய்தி தேடிக்கொண்டிருப்போம். நாடாளுமன்றம் சூடாக இருக்கும் வாரத்தைத் தவிருங்கள். மெல்ல நடக்கும் பிரச்சினை என்றால் அதற்கு ஒரு நாளை நீங்களே உண்டாக்க வேண்டும்: லிஃப்ட் நின்று நூறாவது நாள் என்று ஒரு படத்தோடு அனுப்பியிருந்தால் நான் போட்டிருப்பேன். இதை அந்த அம்மாவுக்கு அப்போதே சொல்லியிருக்கலாம். எனக்கே தோன்றவில்லை.

படம் வந்த பத்தாம் நாள் அவர் மறுபடி கூப்பிட்டார்.

"ஒரு லிஃப்ட் ஓடுது தம்பி. அதையும் போட்டுடுங்க, செஞ்சவங்களுக்குச் சந்தோஷமா இருக்கும்."

போடுகிறேன் என்றேன். அன்று பட்ஜெட் நாள். பக்கம் நிறைந்துவிட்டது.