மூட்டையிலும் கேனிலும் ஒரே படம்

பேரணாம்பட்டிலோ ராணிப்பேட்டையிலோ ஒரு தோல் பதனிடும் ஆலையின் ரசாயனக் கிடங்கில் எட்டிப் பாருங்கள். முடி நீக்கும் சோடியம் சல்பைடு மூட்டையில் இருக்கும். பார்மிக் அமிலம் கேனில். இரண்டின் மேலும் ஒரே சாய்சதுரப் படம்: சொட்டும் திரவம் ஒரு கையையும் உலோகத்தையும் அரிக்கிறது, கீழ்முனையில் 8. அரிக்கும் பொருள் என்று பொருள்.

படம் ஒன்றுதானே என்று பக்கத்தில் பக்கத்தில் அடுக்கி, இரண்டும் சிந்திக் கலந்தால் ஹைட்ரஜன் சல்பைடு வாயு கிளம்பும். முதலில் அழுகிய முட்டை நாற்றம். அளவு கூடினால் மூக்கு மரத்து நாற்றமே தெரியாது. ஆளைக் கொல்வது அப்போதுதான். படத்துக்குக் கீழே உள்ள பெயரையும், அபாயப் பொருளை அடையாளம் காட்டும் நான்கு இலக்க ஐ.நா. எண்ணையும் படிக்கச் சொல்வது இதற்காகவே. முப்பது சதவீதத்துக்குக் குறையாமல் நீர் கலந்த சோடியம் சல்பைடுக்கு 1849. பார்மிக் அமிலம் 85 சதவீதம் வரை 3412. அதற்கு மேல் போனால் 1779, கூடவே தீப்பற்றும் என்ற இரண்டாவது படமும் வரும்.

1989ஆம் ஆண்டின் அபாயகர ரசாயன விதிகள்படி, கொள்கலன் மேல் உள்ளே இருப்பதன் பெயர், தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவரின் பெயர், முகவரி, அதன் இயற்பியல், வேதியியல், நச்சுத் தன்மை விவரங்கள் இருக்க வேண்டும். ஒட்ட இடமில்லாத சிறு கலனுக்குச் சீட்டு கட்டித் தொங்கவிடலாம். பெரிய கேனிலிருந்து பிளாஸ்டிக் குடத்துக்கு மாற்றும்போதுதான் எல்லோரும் கோட்டைவிடுகிறோம். பேனாவால் எழுதி ஒட்ட ஒரு நிமிடம் போதும்.

லாரிக்கு மத்திய மோட்டார் வாகன விதிகள். இரு பக்கமும் பின்புறமும் அவசரத் தகவல் பலகை வேண்டும். பொருளின் பெயர் குறைந்தது 50 மி.மீ. உயர எழுத்தில், மூட்டையில் பார்த்த அதே சாய்சதுர வகுப்புப் படம் குறைந்தது 250 மி.மீ. சதுரத்தில், தீயோ விபத்தோ நேர்ந்தால் அழைக்க வேண்டிய தொலைபேசி எண்கள். சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் லாரி கவிழ்ந்தால் தீயணைப்பு வீரர் தூரத்திலிருந்தே படிக்க வேண்டியது இதைத்தான். ஓட்டுநர் அதற்கான பயிற்சி பெற்றிருக்க வேண்டும்.

ஆலைக் கழிவில் மிஞ்சும் குரோமியம் கலந்த கசடுக்கு 2016ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகள். ‘அபாயகரக் கழிவு’, ‘கவனமாகக் கையாளவும்’ என்று இந்தி, ஆங்கிலத்தோடு தமிழிலும் சிவப்பில் எழுத வேண்டும். மழையில் அழியாத சீட்டாக இருக்க வேண்டும்.

காலி டிரம்முக்கும் கணக்கு உண்டு. கழுவாத டிரம் சட்டத்தின் கண்ணில் காலி அல்ல. பழைய சீட்டு அப்படியே இருக்க வேண்டும். முழுதாகக் கழுவிய பிறகே அதைக் கிழிக்கலாம் அல்லது மறைக்கலாம். நடைமுறையில் தலைகீழ்: விற்பதற்காக முதலில் சீட்டைச் சுரண்டிவிடுகிறார்கள், கழுவுவது பிறகு, அதுவும் அரைகுறையாக. கோடையில் தண்ணீர் பிடித்து வைக்கப் பழைய நீல டிரம் தேடி வேலூரில் அலையும்போது, சீட்டு சுரண்டிய தடம் தெரிந்தால் விற்பவரிடம் முன்பு அதில் என்ன இருந்தது என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் அந்த டிரம் வேண்டாம்.