சீனூரோசிஸ்: மூளைப் புழுப்பை நோய்

மந்தையை விட்டு விலகி, தலையை ஒரு பக்கம் சாய்த்தபடி, செக்குமாடு போல ஓரிடத்தையே வட்டமடிக்கும் ஆட்டைப் பார்த்து ஆங்கிலத்தில் இந்த நோய்க்கு ‘கிட்’ என்று பெயர் வந்தது. கிறுகிறுப்பைக் குறிக்கும் ‘கிடி’ என்ற சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது. மருத்துவப் பெயரான ‘சீனூரோசிஸ்’ அறிகுறியை விட்டுவிட்டுக் காரணத்தைப் பிடிக்கிறது.

கிரேக்கத்தில் ‘கொய்னோஸ்’ என்றால் பொது, ‘ஊரா’ என்றால் வால். இரண்டும் சேர்ந்து இலத்தீன் வடிவில் ‘சீனூரஸ்’ ஆயின. எல்லாருக்கும் பொதுவாக ஒரே வால் என்பது பொருள். ‘ஓசிஸ்’ என்னும் விகுதி நோய்நிலையைக் காட்டும். ஆட்டின் மூளையில் வளரும் நீர்ப்பையைத் திறந்தால் பெயரின் பொருத்தம் புரியும். அதன் உட்சுவரில் வெண்புள்ளிகளாக நூற்றுக்கணக்கான புழுத்தலைகள் ஒட்டியிருக்கும். அத்தனை தலைக்கும் உடல் அந்த ஒரே பைதான்.

இந்தப் பை ‘டீனியா மல்டிசெப்ஸ்’ என்ற நாடாப்புழுவின் இளம்பருவம். 1780-இல் ஜெர்மானிய இயற்கையியலாளர் லெஸ்கே இட்ட பெயர் அது. ‘மல்டிசெப்ஸ்’ என்றால் பல தலை. நாயின் சிறுகுடலில் வாழும் முதிர்ந்த புழுவுக்கோ தலை ஒன்றே. நாயின் மலத்தோடு வெளிவரும் முட்டைகள் புல்லோடு ஆட்டின் வயிற்றுக்குள் போகின்றன. பொரித்து வரும் நுண்புழு குடற்சுவரைத் துளைத்து, இரத்த ஓட்டத்தில் ஏறி மூளையை அடைகிறது. அங்கே சில மாதங்களில் சில சென்டிமீட்டர் அகலத்துக்குப் பை பெருக்கிறது. அழுத்தம் தாங்காமல் ஆடு தள்ளாடும், பார்வை இழக்கும். சில ஆடுகளில் பைக்கு மேலுள்ள மண்டையோடுகூட மெலிந்து மென்மையாகிவிடும். அந்த நிலையில் அறுவை செய்து பையை எடுப்பதே முதன்மையான வழி. இறந்த ஆட்டின் தலையை நாய் தின்றால் சுழற்சி மீண்டும் தொடங்குகிறது.

தமிழில் ‘சுற்று நோய்’ என்று சொன்னால் போதாதா என்று கேட்கலாம். போதாது. லிஸ்டீரியா என்னும் பாக்டீரியா தாக்கினாலும் ஆடு இதே போலத்தான் சுற்றும். அதற்கு நுண்ணுயிர்க்கொல்லி மருந்து வேண்டும். பெயர் குழம்பினால் சிகிச்சையும் குழம்பும், ஆடு போய்விடும். வெறும் ‘தலைப்புழு’ என்றாலும் சிக்கல்தான், ஏனென்றால் மூக்குத் துளைக்குள் வளரும் ஈப்புழுவும் ஆட்டைத் தலையாட்ட வைக்கும். ஆகவே இடம், காரணம், வடிவம் மூன்றையும் சொல்லும் ‘மூளைப் புழுப்பை நோய்’ என்பதே என் தேர்வு.

வெள்ளாட்டில் இதே பை தசையிலும் தோலடியிலும்கூட வருவதுண்டு. அங்கே ‘மூளை’யை நீக்கிவிட்டுத் ‘தசைப் புழுப்பை’, ‘தோலடிப் புழுப்பை’ என்று சொல்லிக்கொள்ளலாம். நோயை விட்டுப் பையை மட்டும் குறிக்கும் ‘சீனூரஸ்’ என்ற சொல்லுக்குப் ‘பல்தலைப் பை’ பொருந்தும்.