நிலா திறக்கும் மதகு

வாஷிங்டன் சதுப்பில் கட்டிய நகரமாமே என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். பாதிதான் உண்மை. 1800இல் அமெரிக்கத் தலைநகரம் அங்கே குடியேறியபோது நகரத்தின் பெரும்பகுதி மேட்டு நிலம். சேறு பிறகுதான் சேர்ந்தது. போட்டோமாக் ஆற்றின் மேற்பகுதியில் காடழித்து உழுத மண், மழையில் கரைந்து நகர வாசலில் படிந்தது. சாக்கடையும் அங்கேயே விழுந்தது. கோடையில் நாற்றம், கூடவே மலேரியா.

1881 வெள்ளத்துக்குப் பிறகு, 1882இல் அரசு பணம் ஒதுக்கியது. ஆற்றுச் சேற்றைத் தோண்டிக் கரையோரம் கொட்டி 600 ஏக்கருக்கு மேல் நிலமாக்கினார்கள். லிங்கன், ஜெஃபர்சன் நினைவகங்கள் நிற்பது அந்த நிலத்தில்தான்.

ஆனால் புது நிலம், பக்கத்திலிருந்த வாஷிங்டன் கால்வாயின் தலையை அடைத்துவிட்டது. ஓட்டமில்லாத நீரில் மறுபடியும் வண்டல் சேருமே? ராணுவப் பொறியாளர் பீட்டர் ஹெய்ன்ஸ் அங்கே ஒரு குளம் வைத்தார். டைடல் பேசின் என்று பெயர். ஆற்றுப் பக்கம் ஒரு மதகு, கால்வாய்ப் பக்கம் ஒரு மதகு. நிலாவின் ஈர்ப்பால் கடல் நீர் ஏறி இறங்குவதுதான் ஓதம்; அது இந்த ஆற்றில் நகரம்வரை ஏறும். சுமார் 3 அடி, ஏறக்குறைய 12 மணி 25 நிமிடத்துக்கு ஒருமுறை. ஏற்றத்தில் ஆற்று நீர் தன் பக்கத்துக் கதவைத் தள்ளிக்கொண்டு குளத்துக்குள் புகும். கால்வாய்க் கதவு சாத்திக்கொள்ளும். வற்றத்தில் குளத்து நீர் வந்த வழியே திரும்பப் பார்க்கும். அந்த உந்தலே ஆற்றுக் கதவை அறைந்து சாத்தி, கால்வாய்க் கதவைத் திறந்துவிடும். தேங்கிய நீர் கால்வாயின் தலையில் பாய்ந்து வண்டலை அடித்துக்கொண்டு போகும். மோட்டார் வேண்டாம், மதகுக்காரர் வேண்டாம். நம் இதய வால்வுகளும் இப்படித்தான், ஒரு பக்கம் மட்டுமே திறப்பவை. அங்கே தசை செய்வதை இங்கே நிலா செய்கிறது!

இன்னொரு வேடிக்கை. சேற்றிலிருந்து எழும் கெட்ட காற்றுதான் மலேரியாவுக்குக் காரணம் என்று அன்று படித்தவர்களே நம்பினார்கள். அதே 1882இல், அதே நகரத்தில், ஆல்பர்ட் கிங் என்ற மருத்துவர் கொசுவைக் குற்றம் சாட்டினார். கட்டி முடியாமல் நின்ற வாஷிங்டன் நினைவுத்தூண் உயரத்துக்கு ஊரைச் சுற்றி வலை கட்டலாம் என்றும் சொன்னார். யாரும் பொருட்படுத்தவில்லை. ரொனால்ட் ராஸ் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டது 1897இல்தான். கிறுக்குத்தனமாகத் தோன்றும் யோசனைகளைச் சோதிக்கவும் ஆய்வு நிதியில் கொஞ்சம் எடுத்துவைக்க வேண்டும் என்பது என் கட்சி.

கொட்டிய சேறு அமுங்க அமுங்க, குளத்தின் கரைச்சுவர் சில இடங்களில் 5 அடிவரை இறங்கிவிட்டது. கடல்மட்டமும் உயர்ந்தது. ஏற்றத்து நீர் மதகுக்குக் காத்திராமல் சுவரைத் தாண்டி நடைபாதையில் ஏறியது. சுவரை மறுபடி கட்டுவதற்காக 2024இல் 158 செர்ரி மரங்களை வெட்டினார்கள்.