தடம் கூடுகிறது, ஓரப்பட்டை எங்கே?

நெரிசலில் திணறும் நகர்ப்புற விரைவுச்சாலை என்றாலே, "இன்னும் இரண்டு தடம் போட்டால் சரியாகிவிடும்" என்கிறார்கள். சாலைப் பாதுகாப்புத் தணிக்கை என் தொழில். வரைபடம் கைக்கு வந்ததும் நான் முதலில் தேடுவது ஓரப்பட்டையைத்தான்.

கட்டடங்கள் நெருக்கும் இடத்தில் புதிய தடத்துக்கு நிலம் கிடைக்காது. பழுதான வண்டி ஒதுங்கி நிற்க விட்டிருந்த ஓரப்பட்டையைத் தடமாக்கி, மற்ற தடங்களையும் சற்றுச் சுருக்கிவிடுகிறார்கள். அதன்பின் ஒரு லாரியின் டயர் வெடித்தால், அது ஓடும் தடத்திலேயே நிற்கும். 100 கி.மீ. வேகத்தில் வருபவர் நொடிக்கு ஏறக்குறைய 28 மீட்டர் கடக்கிறார். முன்னால் இருப்பது நின்றுபோன வண்டி என்று புரிந்துகொள்ளவே அவருக்கு ஓரிரு நொடி ஆகும். ஆம்புலன்ஸுக்கும் வழி அடைபட்டிருக்கும். ஓரப்பட்டையை நிரந்தரத் தடமாக்கிய 'ஸ்மார்ட்' மோட்டார்வேக்களை இனிப் புதிதாக அமைப்பதில்லை என்று பிரிட்டன் அரசு 2023இல் அறிவித்தது. செலவோடு, மக்களுக்கு அவற்றின்மீது நம்பிக்கை இல்லாததும் அதற்குச் சொல்லப்பட்ட காரணம்.

வேறு வழியே இல்லையென்றால், அடிக்கடி ஒதுங்கிடங்களும், நின்ற வண்டியைக் கண்டறியும் கருவிகளும், தடத்தை மூடச் சொல்லும் மின்பலகைகளும் திறப்பு நாளிலேயே இயங்க வேண்டும். "அடுத்த கட்டத்தில் செய்வோம்" என்பதை நான் ஏற்பதில்லை.

நெரிசல் பிறக்கும் இடமும் பெரும்பாலும் குறிப்பிட்ட சில இடங்கள்தான். நுழைவுப் பாதையும் வெளியேறும் பாதையும் அருகருகே இருந்தால், உள்ளே வருபவரும் வெளியே போகிறவரும் சில நூறு மீட்டருக்குள் குறுக்கும் நெடுக்குமாகத் தடம் மாற வேண்டியிருக்கும். ஒருவர் அழுத்தும் பிரேக் பின்னோக்கிப் பரவி, நெடுந்தூரம் வண்டிகளை நிறுத்திவிடும். இரண்டையும் இணைக்கும் ஒரு துணைத் தடம், முழுச் சாலையையும் அகலப்படுத்துவதைவிட அங்கே அதிகம் உதவக்கூடும். நுழைவில் வண்டிகளை ஒவ்வொன்றாக விடும் சிக்னலும் அப்படித்தான். அமெரிக்காவின் மினியாபொலிஸ்–செயின்ட் பால் பகுதியில் 2000இல் இவற்றைச் சில வாரங்கள் அணைத்துப் பார்த்தார்கள். விபத்துகள் 26 சதவீதம் கூடின.

அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரிலுள்ள கேட்டி விரைவுச்சாலை, பக்கச் சாலைகளையும் சேர்த்துச் சில இடங்களில் 26 தடங்கள் வரை விரிந்தது. பணி 2008இல் முடிந்தது. சில ஆண்டுகளில் உச்ச நேரப் பயணம் மறுபடியும் நீண்டது. காலியான தடம் புதிய பயணங்களைக் கூட்டிவரும். அதனால் அகலப்படுத்தவே கூடாது என்று நான் சொல்லவில்லை. பேருந்துக்கென்று ஒரு தடமாவது ஒதுக்காத திட்டத்தை என்னால் பரிந்துரைக்க முடியாது.

ஓட்டுநர்களுக்கும் ஒன்று. பணி நடக்கும் பகுதியில் வண்டிகள் தேங்கத் தொடங்கினால், வரிசையின் கடைசியில் நிற்பவருக்கே ஆபத்து அதிகம். முன்னால் வேகம் குறைவதைக் கண்டதும் எச்சரிக்கை விளக்கைப் போடுங்கள். முன் வண்டியோடு ஒட்டி நிற்காமல், விலகிச் செல்லும் அளவுக்கு இடம் விட்டு, பின்னால் வருபவர் நிற்கும்வரை கண்ணாடியைப் பாருங்கள்.