வெறும் வயிற்றோடு கப்பலேறாதீர்கள்

பாய்மர ஆய்வுக் கப்பல்களில் கடலியல் பயிலச் செல்லும் மாணவர்களுக்கு உடற்தகுதிச் சான்று வழங்குவது என் பணிகளுள் ஒன்று. கப்பலின் ஆட்டத்தால் குமட்டும் கடல்மயக்கத்தில் வாந்தி வராமலிருக்க வேண்டுமென்று முந்தைய இரவிலிருந்தே பட்டினி கிடந்து கப்பலேறிய மாணவி ஒருவர், மூன்றாம் நாள் எழுந்து நிற்கவும் இயலாமல் நரம்பு வழியே நீர் ஏற்றும் நிலைக்கு வந்த செய்தி இந்தப் பருவத்திலும் என்னை எட்டியது. இது முதல் முறையன்று என்பதே என் வருத்தம்.

அமெரிக்காவின் உட்ஸ் ஹோலில் இயங்கும் கடற்கல்விச் சங்கத்தின் கார்வித் கிரேமர், ராபர்ட் சி. சீமன்ஸ் போன்ற கப்பல்களில் மாணவர்கள் பயணிகளாக உட்கார்ந்திருப்பதில்லை. மூன்று குழுக்களாகப் பிரிந்து, பகலில் ஆறு மணி நேரமும் இரவில் நான்கு மணி நேரமுமாக மாறி மாறி ‘வாட்ச்’ என்னும் முறைப்பணி பார்க்கிறார்கள். சுக்கான் பிடிப்பதும் முன்தளத்தில் நின்று கண்காணிப்பதும் திறந்த வெளியில் நடப்பதால் உடலுக்கு ஓரளவு இதமானவை. ஆனால் மணிக்கொருமுறை எஞ்சின் அறைக்குள் இறங்கிச் சரிபார்ப்பதும், ஆடும் சமையற்கூடத்தில் உதவுவதும், வலையில் சிக்கிய மிதவை உயிரிகளில் நூற்றை நுண்ணோக்கியின் கீழ் இனம்பிரித்து எண்ணுவதும் எவரையும் கவிழ்த்துவிடக்கூடியவை. தூக்கமும் துண்டு துண்டாகவே கிடைக்கும். இந்த உழைப்புக்கு நடுவே பட்டினியா?

காதும் கண்ணும் முரண்படுவதால் வரும் மயக்கத்தைப் பற்றி நான் இங்கே பாடம் நடத்தப் போவதில்லை. வயிறு காலியாக இருந்தால் வாந்தி வராது என்ற நம்பிக்கையைத்தான் வேரோடு பிடுங்க விரும்புகிறேன். குமட்டல் மூளையில் தொடங்குகிறது. வயிறு அதன் கட்டளையை நிறைவேற்றுகிறது, அவ்வளவே. உள்ளே உணவு இல்லாவிட்டாலும் வயிறு குமுறத்தான் செய்யும். அப்போது பித்தநீர் மட்டுமே வெளிவரும், வலி கூடும், உடலில் நீரும் உப்பும் குறையும். ஆகவே ஒரேயடியாக வயிறு முட்ட உண்ணாமல், உப்பு பிஸ்கட், ரொட்டி, சோறு என எளிய உணவைச் சிறிது சிறிதாக உண்ணுங்கள். பீகிள் கப்பலில் 1831 முதல் 1836 வரை பயணம் செய்த டார்வின், தம் வயிறு ஏற்றது பிஸ்கட்டும் உலர்திராட்சையும் மட்டுமே என்று தந்தைக்கு எழுதினார். அந்தப் பயணம் முழுவதும் கடல்மயக்கம் அவரை விடவில்லை. எனவே இதை மன உறுதியின்மை என்று எண்ணி வெட்கப்படவும் தேவையில்லை.

மாத்திரையை வாந்தி தொடங்கிய பிறகு விழுங்கிப் பயனில்லை. குமட்டலைத் தடுக்கும் மெக்லிசின் மாத்திரையைப் புறப்படுவதற்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். அதே நோக்கில் தோலில் ஒட்டிக்கொள்ளும் ஸ்கோபலமின் மருந்து ஒட்டு மருத்துவர் பரிந்துரையின்றிக் கூடாது. குறுங்கோணக் கண் அழுத்த நோய் (ஒரு வகை கிளாக்கோமா) உள்ளவர்களுக்கு அறவே ஆகாது. காதின் பின்னால் அதை ஒட்டியபின் கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். மருந்து ஒட்டிய, கழுவாத விரலால் கண்ணைத் தேய்த்து, ஒரு பக்கக் கண்மணி மட்டும் விரிந்து வருபவரைப் பார்த்தால், தலைக்காயத்தையும் மூளை இரத்தக் கசிவையும் நினைத்துத்தான் எங்களைப் போன்ற மருத்துவர்களின் மனம் முதலில் பதறும்.

குமட்டும்போது கீழ்த்தளப் படுக்கையில் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு கிடக்காதீர்கள். மேலே வந்து தொடுவானத்தைப் பாருங்கள். வாந்தி எடுக்க விளிம்புக்குப் போகும்போது பாதுகாப்பு வாரை மாட்டாமல் போகாதீர்கள். இரவில் தனியாகப் போகவே போகாதீர்கள். குடித்த நீரும் தங்காமல், சிறுநீர் குறைந்து கருமஞ்சளானால் உடனே வாட்ச் அதிகாரியிடம் சொல்லுங்கள்.

நீரிழிவுக்கு இன்சுலின் போடுபவர்களும் வலிப்புக்கு மாத்திரை உண்பவர்களும் அதை மருத்துவப் படிவத்தில் மறைக்க வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். உண்டது தங்காத நாளில் இன்சுலினைக் கண்மூடித்தனமாகப் போட்டுக்கொண்டாலும், விழுங்கிய வலிப்பு மாத்திரை வாந்தியோடு போய்விட்டாலும், கரை சேரப் பல நாள் ஆகக்கூடிய இடத்தில் உங்களைக் காக்க வேண்டியவர்கள் அந்தப் படிவத்தை நம்பித்தான் இருக்கிறார்கள்.